மசாலாத்தூள் மகாலட்சுமி

படம் வரையச் சொல்லி என்னிடம் வந்தவர்கள் யாரும் ஆளைக் கேட்டதில்லை. முகத்தைத்தான் கேட்டார்கள். பிஸ்கட்டுக்கு ஒரு குழந்தை முகம், தலைவலித் தைலத்துக்கு ஒரு வேதனை முகம், பள்ளிக்கூட நோட்டு அட்டைக்கு ஒரு சமர்த்து முகம். அந்த முகத்துக்கு உடம்பு உண்டா, வீடு உண்டா, அதற்குப் பசிக்குமா என்பதெல்லாம் அவர்களுக்குத் தேவையில்லாத விஷயம். விளம்பரப் படம் வரைவதும் ஒரு கலைதான் என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். கேட்ட முகத்தைக் கேட்ட நிறத்தில் கொடுப்பது கலை என்றால், தையல்காரர் கொடுக்கிற பாவாடை நாடாவும் கலைதான்.

எழுபதுகளில் ஈப்போ பழைய டவுனில், ஒரு கோப்பிக்கடைக்கு மேலே மாடியில் நான் வேலை செய்தேன். கீழே காப்பிக்கொட்டை வறுத்தால் மேலே எங்கள் சட்டையெல்லாம் அந்த வாசனை. எங்கள் முதலாளி, தவுக்கே என்போம், ஒரு கண்டனீஸ் சீனர். அடுத்தவன் வரைவதைத் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பதில் அவருக்கு அலுப்பே வராது. அங்கே படம் போடுகிறவர்களில் நான் ஒருவன்தான் தமிழன். அதனால் தமிழ் முகம் எல்லாம் என் மேசைக்கு வரும். பற்பசையோ பால்மாவோ எதுவானாலும் மூன்று பிள்ளைகள் கைகோத்து நிற்க வேண்டும், மலாய்க்காரப் பிள்ளை, சீனப் பிள்ளை, நம் பிள்ளை. நம் பிள்ளை எப்போதும் ஓரத்தில்தான். நான் வரைந்து முடித்ததும் தவுக்கே வந்து, "காசி பூத்தே சிக்கிட் லா" என்பார். கொஞ்சம் வெளுப்பாக்கு என்று அர்த்தம். நான் வெளுப்பாக்குவேன். பிறகு அச்சகத்தில் தாளை விளிம்பு வெட்டும்போது ஓரத்துப் பிள்ளைக்கு ஒரு தோளும் ஒரு காதும் போய்விடும். அதைப் பற்றி யாரும் வந்து குறை சொன்னதில்லை.

நான் முகம் வரையப் பழகியது என் அக்காவைப் பார்த்துத்தான். ஈப்போவுக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் நாங்கள் அங்கே மரம் வெட்டிப் பால் எடுத்தோம் என்று அர்த்தம், வேறு ஒன்றும் இல்லை. அக்கா பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு அம்மாவுடன் பால்வெட்டுக்குப் போனவள். மத்தியானம் வந்து குளித்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவாள். நான் எதிரே உட்கார்ந்து வரைவேன். ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டாள். பேசுவாள், சிரிப்பாள், எதையாவது மென்றுகொண்டே இருப்பாள். அசைகிற முகத்தை வரையப் பழகியதால்தான் பிற்பாடு எனக்கு எந்த முகமும் மனசில் நின்றது. அவள் நல்ல கறுப்பு. நெற்றி அகலம். சிரித்தால் இடது கன்னம் மட்டும் கொஞ்சம் முன்னால் போகும். வலது கைச் சுண்டுவிரல் கோணல். சின்னப் பிள்ளையில், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற ஆயாக் கொட்டகையில், கதவில் நசுங்கியதைத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் வெறும் துணியைச் சுற்றி அனுப்பிவிட்டார், அது அப்படியே வளைந்து நின்றுவிட்டது.

அந்த அக்கா ஒருநாள் ரப்பர் பால் லோரி ஓட்டுகிறவரோடு போய்விட்டாள். அவரும் அதே தோட்டம்தான். ஆனால் கீழ் லயத்து வீட்டு வரிசை, நாங்கள் மேல் லயம். விடியற்காலையில் ஒரே பெரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுப்போம், ஒரே ஆற்றில் குளிப்போம், ஆனால் திருவிழாவில் அவர்களுக்குச் சாமி தூக்கும் உரிமை கிடையாது. அவர்கள் வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். கப்பலில் வரும்போது சட்டி பானையோடு இதையும் பத்திரமாகக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் எங்கள் ஆட்கள். துரைக்கு எல்லோரும் ஒரே கூலிதான் என்பது அவர்களுக்குக் கடைசிவரை உறைக்கவே இல்லை.

அப்பா கத்தவில்லை, கத்தியைத் தூக்கவில்லை. வீட்டில் இருந்த ஒரே குடும்பப் போட்டோவை, ஈப்போ ஸ்டூடியோவில் தீபாவளிக்கு எடுத்ததை, ஆணியிலிருந்து கழற்றிக் கண்ணாடியைத் திறந்தார். அக்கா ஓரத்தில் நின்றிருந்தாள். அம்மாவின் கத்தரிக்கோலை வாங்கி அந்த ஓரத்தை நேராக வெட்டி அடுப்பில் போட்டுவிட்டு, மிச்சத்தைத் திரும்ப மாட்டினார். ஆனால் அக்கா அந்தப் படத்தில் என் தோளில் கை வைத்திருந்தாள். தோளோடு சேர்த்து வெட்டினால் நான் போய்விடுவேன். அதனால் நாலு விரல்கள் மட்டும், அந்தக் கோணல் சுண்டுவிரலோடு, என் தோளில் தங்கிவிட்டன. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள். இது யார் கை என்று ஒருவரும் கேட்டதில்லை.

அக்காவும் மச்சானும் ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் போய்விட்டார்கள். மச்சானுக்கு மீன் லோரி ஓட்டுகிற வேலை கிடைத்தது. நான் வீட்டில் சொல்லாமல் அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருவேன். போனால் வயிறு முட்டச் சோறு போடுவாள். கிளம்பும்போது மட்டும், "அம்மா என்னயப் பத்தி எதாச்சும் கேட்டாங்களா?" என்பாள். அம்மா கேட்டதே இல்லை. நான் எதையாவது சொல்லிச் சமாளிப்பேன்.

எழுபதுகளின் நடுவில் அந்தக் காலண்டர் வேலை வந்தது. ஈப்போவில் மசாலா மில் வைத்திருந்த முதலாளி ஒருவர் மாடியேறி வந்தார். அவர் உட்கார்ந்ததும் காப்பி வாசனை போய் மல்லி வாசனை வந்தது.

"தம்பி, ஊர்லேருந்து கப்பல்ல வர்ற லெச்சுமி படம் எல்லாக் கடையிலயும் ஒரே மாதிரி இருக்கு. நம்ம காலண்டருக்கு வேற மூஞ்சி வேணும்லா. பாத்தா கையெடுத்துக் கும்புடணும், ஆனா சினிமாக்காரி மாதிரியும் இருக்கணும்."

தேவியின் கையிலிருந்து கொட்டுகிற பொற்காசெல்லாம் தன்னுடைய மசாலா பாக்கெட் மேல் விழ வேண்டும் என்றும் கேட்டார். அது பாவம் என்று நான் சொன்னேன். பாவ புண்ணியத்தில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை, அந்தப் பாக்கெட்டின் சிவப்பு என் தாமரையைக் கொன்றுவிடும். கடைசியில் பாக்கெட் கீழே தனிப் பட்டையில் வரட்டும் என்று ஒத்துக்கொண்டார். நம் ஆட்கள் வருஷம் முடிந்ததும் தேதித் தாளையும் கடைப் பேரையும் வெட்டி எறிந்துவிட்டுச் சாமியை மட்டும் கண்ணாடி போட்டு மாட்டுவார்கள் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு வருஷம் தன் பேர் சாமிக்குக் கீழே தொங்கினால் போதும் என்றார்.

சினிமா முகங்களாக வரைந்து பார்த்தேன். ஒன்றும் உட்காரவில்லை. எல்லாம் சோப்பு விற்கிற முகமாகவே வந்தது. அலுத்துப்போய் ஒரு மத்தியானம் பென்சிலைக் கைபோன போக்கில் விட்டேன். அகல நெற்றி வந்தது. இடது கன்னம் கொஞ்சம் முன்னால் வந்தது. நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. அக்காவின் போட்டோ ஒன்றுகூட உலகத்தில் இல்லாமல் அடுப்பில் போனது எனக்குள் எரிந்துகொண்டே இருந்திருக்க வேண்டும். வாழ்த்துகிற வலது கையில் சுண்டுவிரலை வளைத்தே போட்டேன்.

முதலாளி கூர்ந்து பார்த்துவிட்டு, "விரல் ஏன் கோணலா இருக்கு?" என்றார்.

"அது ஒரு முத்திரை" என்றேன். அவர் பயபக்தியோடு தலையாட்டினார்.

தவுக்கேயும் வந்து பார்த்தார். அன்றைக்கு அவர் வாயைத் திறக்கவே தேவைப்படவில்லை. நானே முந்திக்கொண்டு வெளுப்பாக்கியிருந்தேன். ரோஜா நிறம். கறுப்பாக ஒரு மகாலட்சுமியை யார் வாங்குவார்கள்? அக்காவின் முகத்தை வீடுவீடாக அனுப்ப வேண்டுமென்றால் அவள் தோலை எடுத்துவிட்டுத்தான் அனுப்ப முடியும். அதைச் செய்கிற தொழில்தான் எனக்கு நன்றாகத் தெரிந்த தொழில்.

காலண்டர் பேய் ஓட்டம் ஓடியது. தைப்பிங்கில் ஒரு முடிவெட்டும் கடையில் பார்த்தேன், சித்தியவான் பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேலே பார்த்தேன். அக்காவுக்கும் ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் மகள் அப்போது கைக்குழந்தை. அக்கா படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். விரலைப் பார்த்ததும் சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

"ஏன்டா தம்பி எனக்கு நாலு கை? ரெண்டு கைய வெச்சிக்கிட்டே வேலை முடிய மாட்டேங்குது. இதுல இவ்ளோ வெள்ளையா வேற இருக்கேன்! மீன் கழுவுற பொம்பள மாதிரியா இருக்கேன்?"

சிரித்து முடித்தபின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படத்தைச் சுவரில் மாட்டவில்லை, சுருட்டி அலமாரிக்கு மேல் வைத்துவிட்டாள். தன்னைத்தானே கும்பிட முடியாதல்லவா.

அடுத்த முறை தோட்டத்து வீட்டுக்குப் போனேன். சாமி மேடையில், முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவில், கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் அக்கா நாலு கைகளோடு உட்கார்ந்திருந்தாள். அப்பா வாங்கி வந்ததாம். மசாலா பாக்கெட் பட்டையை அம்மா வெட்டியிருந்தாள். அன்று வெள்ளிக்கிழமை. அப்பா தோளில் துண்டோடு நின்று சூடம் காட்டினார். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. நல்லா விழுங்கள் காலில், நல்லா விழுங்கள் என்று சொல்லிக்கொண்டேன். எந்த முகத்தை அடுப்பில் போட்டார்களோ அதே முகத்துக்கு மல்லிகைச் சரம். இதைவிட ஒரு மனுஷன் எப்படிப் பழி வாங்க முடியும்?

குஷி கொஞ்ச காலத்தில் ஆசையாக மாறியது. அங்கேதான் கெட்டேன். தினமும் அந்த முகத்தைப் பார்க்கிற மனசு இளகாமலா போகும் என்று நினைக்க ஆரம்பித்தேன். பிஸ்கட் படத்தைப் பார்த்துப் பிஸ்கட் வாங்குகிறார்கள், தைலப் படத்தைப் பார்த்துத் தைலம் வாங்குகிறார்கள். என் படங்களிலேயே நல்ல படம் இது. இதற்கு அவ்வளவு சக்தி இருக்காதா? தவுக்கேயிடம் திட்டு வாங்கும்போதும், ஓரத்துப் பிள்ளைக்குக் காது போகும்போதும், ஒரு படம் மட்டும் நிஜமாக ஏதோ வேலை செய்துகொண்டிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். வருஷக்கணக்காக அந்த நினைப்பில்தான் தூரிகையைக் கழுவினேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தோட்டத்தை வீட்டு மனைக்கு விற்றுவிட்டார்கள். லயத்தைக் காலி செய்து, ஈப்போவுக்கு வெளியே மலிவு வீட்டு வரிசையில் ஒரு வீட்டுக்கு வந்தோம். அதே வரிசையில் தோட்டத்து ஆட்கள் நிறையப் பேர். மேல் லயத்து ஆட்கள் எல்லோரும் ஒரே பக்கமாகப் பார்த்து வீடு எடுத்திருந்தார்கள். தோட்டம் போனது, லயம் மட்டும் கூடவே வந்தது.

பால் காய்ச்சுகிற நாள் குறித்ததும் நான் ஹுத்தான் மெலிந்தாங் போய் அக்காவிடம் சொன்னேன்.

"வாக்கா. அவங்க தெனம் கும்புடறது உன்னயத்தான். நான் எடுத்துச் சொல்றேன், நீ வந்து நில்லு, போதும்."

"அடிச்சித் தொரத்துனா?"

"தொரத்த மாட்டாங்க. படம் இருக்குல்ல."

மச்சான் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "படத்த நம்பியா கூப்புடற?" என்று மட்டும் கேட்டார். அவர் வரவில்லை என்று சொல்லிவிட்டார். ஆனால் அக்கா முகம் மலர்ந்துவிட்டது. அந்த முகத்தை நான் எத்தனையோ தடவை வரைந்திருக்கிறேன், அப்படி ஒரு மலர்ச்சியை வரைந்ததில்லை.

அன்று வீடு நிறைய ஜனம். வெயில் ஏறிய நேரத்தில் அக்கா பஸ் மாறி வந்து, வெளிக் கேட்டில் நின்றாள். புதுப் புடவை. ஒரு கையில் அம்மாவுக்குப் பிடிக்கும் என்று கருவாட்டுப் பொட்டலம், இன்னொரு கையில் மகள். மகளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயசு, வெள்ளைக் காலணியை மாவு பூசி வெளுத்துப் போட்டிருந்தாள். உள்ளே பேச்சு நின்றது. அம்மா அடுப்படியில் இருந்தவள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளேயே நின்றுகொண்டாள். அப்பா எழுந்து வாசல்வரை வந்தார். கேட்டைத் திறக்கவில்லை.

நான் சாமி மேடைக்குப் போய்ப் படத்தைக் கழற்றினேன். மாலையோடு தூக்கிக்கொண்டு வெயிலில் இறங்கிக் கேட்டைத் திறந்து வெளியே போனேன். அக்காவின் முகத்துக்குப் பக்கத்தில் படத்தைப் பிடித்தேன்.

"பாருங்கப்பா. நல்லாப் பாருங்க. யாருன்னு தெரியுதா? இத்தன வருஷமா யாருக்குச் சூடம் காட்டுனீங்க?"

அப்பா பார்த்தார். படத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். வாசலில் கூடியிருந்த சொந்தக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் எந்த ஆச்சரியமும் இல்லை. நான் காத்திருந்த அந்த ஒரு கணம் வரவே இல்லை.

"வெயில்ல புடிக்காத" என்றார். "கலர் போயிரும். உள்ள கொண்டு போயி மாட்டு."

சொல்லிவிட்டு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நிறுத்திய பேச்சை யாரோ தொடர்ந்தார்கள். பாயசம் எடுத்து வரச் சொல்லி ஒரு குரல் கேட்டது.

அக்காவின் மகள் என் கையிலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா இது?"

"சாமி" என்றாள் அக்கா. "கும்புட்டுக்க."

அந்தப் பிள்ளை வெள்ளைக் காலணிகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சுடுகிற தார் ரோட்டில் நின்று, கண்ணை மூடிக் கும்பிட்டது. அக்கா பொட்டலத்தை என் கக்கத்தில் செருகினாள். என் இரண்டு கையிலும் படம் இருந்தது, பிடிக்கக்கூட முடியவில்லை. "வாரேன்டா" என்று மட்டும் சொன்னாள். மகளுக்குக் காலணியைப் போட்டுவிட்டுப் பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நான் படத்தோடு அடுப்படிக்குப் போனேன். அம்மா பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். கருவாட்டை வாங்கி முகர்ந்து பார்த்து, டப்பாவில் போட்டு மூடினாள்.

"அம்மா, இது அக்கா" என்றேன். சின்னப் பிள்ளைபோல் எனக்கு அழுகை வந்தது.

"தெரியும்டா" என்றாள். "மசாலாக்கடைப் பேர வெட்டறப்பவே வெரலப் பாத்துட்டேன். உங்கப்பாவுக்கும் தெரியும். கடையில பாத்துட்டுத்தானே வாங்கியாந்தாரு. அவருதான் ஆணியும் அடிச்சாரு."

"தெரிஞ்சுமா கேட்ட தொறக்கல?"

"தெறந்தா வந்திருக்காங்களே நம்ம ஆளுங்க, அவங்கள்ளாம் என்னா பேசுவாங்க? இதுன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. மொகத்தப் பாத்துக்கறோம். வெள்ளிக்கெழம ஒரு பூ வெக்கிறோம். மனசு ஆறிப்போவுது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ நல்லாத்தான் வரஞ்சிருக்க."

என் வாழ்நாளில் என் படத்தைப் பார்த்து யாராவது மனசாரப் பாராட்டினார்கள் என்றால் அது அந்த ஒரு வாக்கியம்தான். பெற்றவளே சொன்னது. நான் வரைந்து கொடுத்திராவிட்டால் அந்த இரண்டு பேருக்கும் மகள் முகம் பார்க்காமல் மனசு ஏங்கிப்போயிருக்கும். ஏக்கம் தாங்காமல் ஏதாவது ஒரு தீபாவளிக்காவது, யார் என்ன பேசினாலும் பேசட்டும் என்று, ஹுத்தான் மெலிந்தாங்குக்குப் பஸ் ஏறியிருப்பார்கள். அந்த ஏக்கத்தைத்தான் நான் தீர்த்துவைத்தேன். பசிக்கிறவர்களுக்குச் சோற்றுப் படம் வரைந்து கொடுத்தேன், அதைப் பார்த்தே அவர்களுக்கு வயிறு நிறைந்துவிட்டது. மசாலா முதலாளி எதைக் கேட்டாரோ, பிஸ்கட் கம்பெனி எதைக் கேட்டதோ, அதையேதான் என் அப்பாவும் அம்மாவும் கேட்டார்கள். முகம் வேண்டும், ஆள் வேண்டாம். கேட்காமலே கொண்டுபோய்க் கொடுத்த கெட்டிக்காரன் நான்.

முன்கூடத்தில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். நான் ஸ்டூல் மேல் ஏறிப் படத்தைக் கழற்றிய அதே ஆணியில் மாட்டினேன். மாலை நழுவியிருந்தது, அதையும் சரிசெய்தேன். இறங்கப் போகும்போது அப்பா நாற்காலியிலிருந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"கொஞ்சம் கோணலா இருக்கு" என்றார். "நேரா வை."

நான் நேராக வைத்தேன்.